செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி: சேலம் ஏரியா திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி திரையரங்கு உரிமையாளர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் வணக்கம்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு திரையில், ஒரு காலைக் காட்சியை விருது வாங்கிய படங்களுக்கு விடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

2025 ஆகஸ்ட் முதல் தேதி 71-வது தேசிய திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த தமிழ்ப் படம் 'பார்க்கிங்'. அதன் திரைக்கதைக்காக ராம்குமார் பாலகிருஷ்ணனுக்கும், துணை நடிகராக எம்.எஸ்.பாஸ்கருக்கும் விருது. சாயங்காலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் டீக்கடையில் ஒரே ரகளை. சிறந்த நடிகர் விருது ஷாருக்கானுக்கு எதற்கு, நம்மாளுக்கு ஏன் இல்லை என்று ஆளுக்கொரு தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவர்களில் பாதிப் பேர் 'பார்க்கிங்' பார்த்ததில்லை. பார்த்தவர்களும் போனில் பார்த்தவர்கள். ஆஸ்கர்காரர்கள் அதே வருஷம் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போட வேண்டுமென்றால் அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். அந்த விதி எங்கள் டீக்கடைக்கும் வந்தால் யாவாரம் படுத்துவிடும்.

எம்.எஸ்.பாஸ்கருக்குக் கிடைத்தது ரொம்பத் தாமதமான விருது. லஞ்சம் வாங்காத, பைசா பைசாவாய்ச் சேர்க்கிற அரசு ஊழியர், வண்டி நிறுத்தும் இடத்துக்காக வீம்புக்குக் கார் வாங்குகிறார். அந்த வீம்பு முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உட்காருவதை உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்தால் பாதிதான் தெரியும். கடைசி அரை மணி நேரத்தில் படம் தேவைக்கு மேல் முறுக்கேறுகிறது என்பது என் எண்ணம். அந்தக் குறையையும் அரங்கில் நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்துச் சண்டை போடத்தான் ஆசை.

'பார்க்கிங்' ஆவது 2023-ல் அரங்குக்கு வந்து போனது. பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' வரவே இல்லை. 2021-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கிய படம். இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பிய படமும் அதுதான். அப்படியிருந்தும் 2023 அக்டோபரில் நேரே ஓடிடிக்குப் போய்விட்டது. ஒண்ணேகால் மணி நேரப் படம். குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன பெண்டாட்டியைக் கூட்டிவரப் பையனோடு போகிறான். பையன் பஸ் காசைக் கிழித்துப் போடுகிறான். திரும்பி வரும் வழியெல்லாம் மேலூர்ப் பக்கத்து உச்சி வெயிலில் நடை. தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. இப்படி எத்தனை தடவை நடந்தான் என்று படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; அந்தக் குவியல் சொல்கிறது. கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியைச் சுற்றி உட்கார்ந்து கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். கேமரா அவசரப்படவே இல்லை. வீட்டில் பார்க்கும்போது அந்த இடத்தில் யாராவது ரிமோட்டை எடுத்துவிடுகிறார்கள். இருட்டு அரங்கில் பார்க்கிறவன் அந்தப் பெண்களோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. அதற்காக எடுத்த படம் அது.

வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23-ல் அரங்குக்கு வந்தது. நம் ஊரில் ஒரு அரங்கில் பார்த்தேன், பெயர் வேண்டாம். பின்னணி இசையே இல்லாத படம். ஆட்டோ சத்தம், சேவல், காற்று, அவ்வளவுதான். பக்கத்துத் திரையில் ஓடிய சண்டைப் படத்தின் டமால் டுமீல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. பின்னால் ஒருத்தர், "சவுண்டு வைங்கப்பா, மியூசிக்கே வரல" என்று ஆபரேட்டரைத் திட்டினார். வழியை மறித்து நிற்கும் காளையைப் பெரிய ஆம்பளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு பார்க்க, ஒரு சின்னப் பெண் பேசிக் கூட்டிப்போகிற காட்சியில் மட்டும் அரங்கம் மொத்தமும் சிரித்தது. அதே ஆள்தான் எல்லோருக்கும் முந்திச் சிரித்தார். இந்த மாதிரிப் படத்துக்கு ஜனங்க வர மாட்டாங்க என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். வந்தார், திட்டினார், சிரித்தார். மறுவாரம் நண்பரைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்திருந்தால் படம் அங்கே இருந்திருக்காது.

புத்தகத்துக்கு இந்தக் கதி இல்லை. ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024-க்கான சாகித்திய அகாதமி விருது என்று அறிவித்ததும், சேலத்துக் கடையில் சொல்லிவைத்து வாங்க முடிந்தது. வ.உ.சி. கைதானதும் ஊரே கொதித்தெழுந்து நாலு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த சம்பவத்தை, தலைவர்களோடு நிறுத்தாமல் சாதாரண ஆட்கள் வரை தேடிப்போய் எழுதியிருக்கிறார். நிதானமாகப் படிக்க வேண்டிய புத்தகம். நான் சொல்ல வந்தது அதுவல்ல. விருது கிடைத்த புத்தகம் கடையில் முன்வரிசைக்கு வருகிறது. விருது கிடைத்த படம் ஊரை விட்டே போய்விடுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருச்செங்கோட்டுப் பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி', ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023-க்கான ஜேசிபி இலக்கியப் பரிசு வாங்கியது. அவருடைய 'கோடித்துணி' சிறுகதையை வைத்து எடுத்த 'அங்கம்மாள்' 2025 டிசம்பரில் வெளியானது. ரவிக்கை போடாத அம்மாவும், அதை மானப் பிரச்சினையாக்குகிற மகனும். கீதா கைலாசம் அந்தக் கிழவியைக் கொஞ்சமும் தியாகி ஆக்காமல் நடித்திருக்கிறார். இந்தப் படத்தைத் திரும்பப் போட்டு, கேன்டீனுக்குப் பக்கத்தில் பெருமாள்முருகனின் புத்தகங்களுக்கு ஒரு மேசை போட்டால், பாப்கார்ன் வாங்குகிற கை புத்தகத்தையும் புரட்டும்.

கணக்கு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மின்சாரம், ஆள் கூலி எல்லாம் உங்கள் தலையில். ஆனால் படப்பெட்டி பஸ்ஸில் வந்த காலம் இல்லை இது. பிரிண்ட் செலவு கிடையாது. டிஜிட்டல் கோப்பும் அதைத் திறக்கிற சாவியும் வந்தால் படம் ஓடும். 2024-ல் 'கில்லி'யை மறுபடி போட்டு நீங்களே கல்லா கட்டினீர்கள், ஆக பழைய படத்துக்குக் கூட்டம் வராது என்ற பேச்சுக்கு இடமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. காலைக் காட்சியை 80 ரூபாய்க்குப் போடுங்கள். முன்கூட்டியே ஒரு தொகை கட்டுகிற மினிமம் கேரண்டி வேண்டாம், வசூலைப் பங்கு போடும் ஷேர் அடிப்படையில் தயாரிப்பாளரிடம் பேசுங்கள். ஓடிடிக்குப் போன படத்துக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்தை விநியோகஸ்தர்கள் எழுதினால் மரியாதை. உங்களுக்கு நேரமில்லை என்றால் எழுதித் தர இந்த ஊரில் ஆள் இருக்கிறோம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. சினிமா பற்றி மேடை ஏறினால் எல்லோரும் மாடர்ன் தியேட்டர்ஸில்தான் ஆரம்பிக்கிறோம். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' நம் ஊர்க் கம்பெனி எடுத்தது, 1956-ல் தமிழின் முதல் கலர்ப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது என்று. ஏற்காடு ரோட்டில் இருக்கும் அந்த ஸ்டுடியோவின் வளைவு முன்னால் நின்று செல்ஃபியும் எடுத்தாயிற்று. அதை நிறுவிய டி.ஆர்.சுந்தரம் இன்று இருந்தால் வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார், அடுத்த வாரம் எந்தப் படம் போடலாம் என்றுதான் கேட்பார்.

வெள்ளி, சனி, ஞாயிறு எங்களுக்கு வேண்டாம். பெரிய படம் ஓடட்டும். செவ்வாய்க்கிழமை கொடுங்கள், அன்றைக்கு உங்கள் காலைக் காட்சி எப்படியும் காற்று வாங்குகிறது. பத்தரை மணிக்கு வேண்டாம், பதினொன்றரைக்கு வையுங்கள். ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களுக்குச் சரியாக இருக்கும். பக்கத்துத் திரையில் அந்த நேரம் சண்டைப் படம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் கூடுதல் புண்ணியம். முதல் படம் 'கூழாங்கல்', அதற்கடுத்த வாரம் 'அங்கம்மாள்'. இடைவேளையில் தட்டுவடை செட் வெளியே வாங்கிக்கொள்கிறோம், உள்ளே விட்டால் சரி.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு டிக்கெட்காரன்