புதன்கிழமைகளில் பிள்ளைகளின் தலையையும் தொட்டுப் பாருங்கள்: மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். புதன்கிழமைகளில் தடுப்பூசிக்கு வரும் பிள்ளைகளின் தலையையும் அளந்து, தடவிப் பார்க்க வேண்டும் என்று திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த மனு உங்கள் அலுவலகத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது" என்று கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. என்ன நடவடிக்கை என்று அதில் இல்லை. மனுவில் எழுதியதை முழுக்கத் திருப்பிச் சொல்லப் போவதில்லை, கோப்பு உங்களிடமே இருக்கிறது. போன புதன்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு, அன்றைக்குக் கேட்டதையே இன்னொரு முறை கேட்கிறேன்.

என் தங்கை மகளுக்கு இரண்டரை மாத ஊசி. துணை சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். எடை பார்த்தார்கள், தொடையில் ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், அட்டையில் எழுதினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. "சிஸ்டர், தலைச் சுற்றளவு பார்த்து எழுதிடுங்களேன், உச்சியையும் கொஞ்சம் தடவிப் பாருங்க" என்றேன். "அதெல்லாம் பிறந்தப்பவே பார்த்திருப்பாங்கம்மா. பின்னாடி ஆள் நிக்குது பாருங்க" என்றார். அந்தச் செவிலியர் நல்லவர். அன்றைக்கு அவர் முன்னால் நாற்பது பேராவது இருந்தோம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே நாற்காலியில் மூன்று வருடத்துக்கு முன்பு என் மகனை மடியில் வைத்துக்கொண்டு இதே பதிலை வாங்கிப் போனவள் நான். மனு கொடுத்த பிறகும் அந்த வார்த்தை மாறவில்லையே என்பதுதான் என் கோபம்.

நான் தையல்காரி. பள்ளிச் சீருடைதான் அதிகம் தைப்பேன். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது ஓரத்தில் இரண்டு அங்குலம் துணி உள்ளே மடித்து விடுவோம். அடுத்த வருடம் பிரித்து விட்டால் சட்டை கூடவே வளரும். என் மகனுக்கு அறுவை செய்த டாக்டர் ஒரு காகிதத்தில் குழந்தையின் மண்டையை வரைந்து காட்டியபோது எனக்கு உடனே புரிந்தது அதனால்தான். பிறந்த குழந்தையின் மண்டை ஒரே ஓடு கிடையாது. நெற்றிக்கு இரண்டு துண்டு, உச்சந்தலைக்கு இடம் வலமாக இரண்டு, பிடரிக்கு ஒன்று, காதோரங்களில் ஒவ்வொன்று. துண்டுகள் சேரும் கோட்டை டாக்டர்கள் 'சூச்சர்' என்கிறார்கள். தையல் என்றே அதற்குப் பொருளாம். கோடுகள் கூடும் இடத்தில் விரலுக்கு மெத்தென்று படுவதுதான் நாம் சொல்லும் உச்சிக்குழி. பின்னால் உள்ள சின்னக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்னால் உள்ள பெரிய குழி பெரும்பாலும் ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடும்.

நான் மடித்து விட்ட துணி தீர்ந்தால் தீர்ந்ததுதான். மண்டையில் அப்படி இல்லை. மூளை உள்ளிருந்து தள்ளத் தள்ள, அந்தத் தையல் ஓரங்களில் புது எலும்பு ஊறிக்கொண்டே இருக்கும். முதல் வயதுக்குள் மூளை பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. பிறக்கும்போது சுமார் 34 செ.மீ. இருக்கும் தலை முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ. வீதம் பெருத்து, ஒரு வயதில் 46 செ.மீ. பக்கம் வந்து நிற்கிறது. இந்த ஓட்டத்தில் ஏதாவது ஒரு தையல் முன்கூட்டியே இறுகி எலும்பாகிவிட்டால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கே தலை வளராது. அடைபட்ட வளர்ச்சி திறந்திருக்கும் வேறு பக்கம் பிதுங்கும். 1851இலேயே ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதிவைத்துவிட்டார். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. நம் மாவட்டத்தில் வருடத்துக்கு எத்தனை பிரசவம் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். வகுத்துப் பாருங்கள்.

என் மகனுக்கு இறுகியது நடு உச்சிக் கோடு, நெற்றி உச்சியிலிருந்து பிடரி வரை ஓடுவது. அதிகம் பேருக்கு வருவதும் அதுதான், அதிலும் ஆண் பிள்ளைகளுக்கே கூடுதல். ஒன்றரை மாதத்தில் எண்ணெய் தேய்க்கும்போதே என் விரலுக்குத் தெரிந்தது, ஓட்டுவீட்டு முகடு மாதிரி ஒரு வரப்பு. தலை அகலமே இல்லாமல் முன்னும் பின்னும் நீண்டது. கடையில் வாங்கிய குல்லா எதுவும் பொருந்தாமல் நானே தைத்துப் போட்டேன். ஊசிக்குப் போனபோது கேட்டேன். "சுகப்பிரசவம்ல, நசுங்கியிருக்கும். எண்ணெய் தேய்ச்சு உருட்டி விடு, உருண்டையாயிரும்" என்றார்கள். என் அத்தை தினமும் விளக்கெண்ணெய் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து அணைத்து உருட்டினார். எலும்பாக இறுகிப்போன கோட்டை எந்தக் கை உருட்டித் திறக்கும்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். செய்யச் சொன்னது ஆஸ்பத்திரி. மூன்றரை மாதத்தில் ஒரு டாக்டரம்மா உச்சியை அழுத்திப் பார்த்துவிட்டு, "குழி நல்லா திறந்திருக்கே, ஒண்ணுமில்ல" என்றார். உச்சிக்குழி திறந்திருக்கும்போதே அதற்குப் பின்னால் உள்ள கோடு மூடியிருக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவராவது விரலை இன்னும் நான்கு அங்குலம் பின்னால் கொண்டுபோயிருக்கலாம்.

அன்றைக்கு ராத்திரி கடையை அடைத்துவிட்டு நானே அளந்தேன். டேப் சுற்றிப் பார்த்தால் 41½ செ.மீ., அந்த வயதுக்கு அது சரியான அளவு. பிறகு இரண்டு மர ஸ்கேலைத் தலைக்கு இரு பக்கமும் அணைத்து வைத்து இடைவெளியை அளந்தேன். நீளம் 15½, அகலம் 10½. இரண்டு தடவை அளந்தேன், மாறவில்லை. ஆகவே சுற்றளவு மட்டும் போதாது ஐயா. டேப் ஒருவகைத் தலையைக் காட்டிக்கொடுக்கும்: வளராமல் நின்றது, நீர் கோத்து வேகமாகப் பெருப்பது. என் மகன் மாதிரித் தலையை விரல்தான் கண்டுபிடிக்கும். மேலிருந்து ஒரு பார்வையும் வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடத்து வேலை.

அவனுக்குக் கண்டுபிடித்தது பதின்மூன்றாவது மாதம். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலுக்காகப் போனபோது, படித்துக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே அவன் தலையில் கை வைத்து, "இதை யாரும் சொல்லலையாம்மா?" என்றார். மூன்று, நான்கு மாதத்திலேயே கொண்டுபோயிருந்தால், சின்னதாக இரண்டு கீறல் போட்டு, குழாய்க் கேமரா வழியாக அந்தக் கோட்டு எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களாம். பிறகு சில மாதம் தலைக்கவசம் போட்டால், வளர்கிற மூளையே தலையை உருண்டையாக்கிக்கொள்ளும். எங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

பதினைந்தாவது மாதத்தில் பெரிய அறுவை. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை வளைந்து வளைந்து போகும் கீறல். எலும்பைத் துண்டுகளாக எடுத்து, வடிவம் மாற்றி, கரைகிற தகடு வைத்து மறுபடி பொருத்தினார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீக்கம் வரும், தானாக வடியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எனக்குச் சொன்னார்கள், அவனுக்கு யார் சொல்வது? பொழுது விடியவில்லை என்றே நினைத்திருப்பான். கையை முன்னால் நீட்டி என் தாலிக்கயிற்றைத் தேடுவான். அது சிக்கியதும் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்துவான். நர்ஸ் கூப்பிட்டாலும் எழுந்திருக்க முடியாது, கயிறு அசைந்தால் கத்துவான். மூன்று நாள் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை வலது கண் ஒரு கீற்றுத் திறந்தது. என்னைப் பார்த்தான், சிரிக்கவில்லை, கயிற்றை மட்டும் விட்டான்.

அந்த மூன்று நாளும் ஊசி போட்ட மூன்று புதன்கிழமைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். சின்ன அறுவைக்கு வழி இருக்கும் காலமும் அதேதான். வேறு எந்த வயதிலும் அரசாங்கம் இத்தனை நெருக்கமாக ஒரு பிள்ளையைப் பார்ப்பதில்லை. பிள்ளையைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம், நாங்களே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறோம். தொடையைப் பார்க்கிறீர்கள், தராசைப் பார்க்கிறீர்கள். தலையை ஏன் பார்ப்பதில்லை?

பட்டியலில் இல்லை என்று பதில் வரலாம். பிள்ளைகளுக்கு உடல்குறை இருக்கிறதா என்று பார்க்க மத்திய அரசு 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்துக்கு வகுத்த முப்பது குறைகளில் பிறவிக் குறைகள் ஒன்பது. உதட்டுப்பிளவு இருக்கிறது, வளைபாதம் இருக்கிறது, பிறவிக் கண்புரை இருக்கிறது. மண்டைத் தையல் இறுகுவது இல்லை. அதைச் சேர்ப்பது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் மாவட்டத்துச் செவிலியர்களுக்கு ஒரு மதியம் பயிற்சி கொடுப்பதற்கு எந்தப் பட்டியல் தடுக்கிறது? தலைச்சுற்றளவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே வயதுவாரி வரைபடம் வெளியிட்டுவிட்டது. அட்டையின் பின்னால் அதை ஒட்டிக்கொடுக்க ஒரு ஜெராக்ஸ் செலவு.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். குரூசோன் என்று பெயர் சொன்னார்கள். 1912இல் அதை முதலில் விவரித்த பிரெஞ்சு டாக்டரின் பெயராம். மண்டைத் தையலோடு மேல்தாடையும் கண்குழியும் முன்னோக்கி வளராததால் கண்கள் வெளியே துருத்தி நின்றன. அது ஒரு மரபணு மாற்றம். அந்தத் தாயிடம் ஊர் சொன்னது, "கிரகணத்துல வெளிய போயிருப்பா" என்று. எனக்குச் சொன்னது, "ஒரே பக்கமா படுக்க வெச்சிருப்பே" என்று. ஆஸ்பத்திரி வாய் திறந்து சொல்லாத இடத்தில் ஊர் பேசத்தான் செய்யும், பழி முழுக்கப் பெற்றவள் தலையில்தான் விழும். அந்தப் பெண்ணுக்கு ஒரு அறுவையோடு முடியாது. பிறக்கும்போது மண்டைக்கும் முகத்துக்கும் எட்டுக்கு ஒன்று என்று இருக்கும் கணக்கு, வளர்ந்த பிறகு இரண்டுக்கு ஒன்று ஆகிறது. அதாவது மண்டை முந்திக்கொள்கிறது, முகம் பதினேழு பதினெட்டு வயது வரை வளர்கிறது. அதுவரை கண், தாடை, பல், மூச்சு எல்லாவற்றுக்கும் அவள் வந்துபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு, புது வரிசை, "பழைய ஃபைல் கிடைக்கல, முதல்ல இருந்து சொல்லுங்க." ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னால் அவள் முகத்தைப் பற்றி எத்தனை முறை ஒரு தாய் முதலிலிருந்து சொல்வாள்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிறியது, மனுவிலும் இதையேதான் கேட்டிருந்தேன். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை, ஒன்பது மாத ஊசிகளுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலையில் டேப் வைத்து அளவை அட்டையில் எழுத வேண்டும். உச்சியிலிருந்து பிடரி வரையும், காதிலிருந்து காது வரையும் விரல் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும். வரப்புத் தட்டினாலோ, வடிவம் மாறித் தெரிந்தாலோ, அளவு வரைபடத்தின் கோட்டைவிட்டு விலகினாலோ, "உருட்டி விடு" என்று சொல்லாமல் அந்தத் திட்டத்தின் மாவட்ட மையத்துக்கு அந்த வாரமே எழுதிக்கொடுக்க வேண்டும். படுத்துப் படுத்துச் சப்பையான தலையாக இருந்தால் அவர்கள் பார்த்துச் சொல்லி அனுப்பட்டும். நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும், அவர்களுக்குக் கத்தி வேண்டியதில்லை. ஒரு தடவை வீணாகப் போய்வருவதில் எந்தத் தாய்க்கும் வருத்தம் இராது.

டேப் பற்றி ஒரு வார்த்தை. துணி டேப் பழசானால் நீளும், அரை அங்குலம் வரை பொய் சொல்லும். கண்ணாடி நார் சேர்த்த நீளாத டேப்தான் வேண்டும். எங்கள் ஒன்றியத்தின் துணை சுகாதார நிலையங்கள் எல்லாவற்றுக்கும் அதை வாங்கித் தர நான் தயார். அனுமதி மட்டும் கொடுங்கள்.

என் தங்கை மகளுக்கு மூன்றரை மாத ஊசி இன்னும் மூன்று வாரத்தில் வருகிறது. அவள் தலையை வீட்டில் நானே அளந்துவிட்டேன், நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு எனக்கு முன்னாலும் பின்னாலும் வரிசையில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்காக, அந்தப் புதன்கிழமைக்குள் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று வயது மகனின் தாய்,
தையல் தொழிலாளி