சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: பட்டறைக்குள் வந்த ஃபைபர்

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. ஆயுத பூஜையை வழக்கம்போல் சிறப்பாகக் கொண்டாடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்க எந்தக் கூட்டம் போட்டாலும் பேச்சு போய் நின்ற இடம், நம் இரும்பு வேலைக்குப் போட்டியாக வந்திருக்கும் ஃபைபர்தான், அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் இறுக்கிச் செய்யும் பொருள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருப்பூர் சாயப்பட்டறைகள் 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டதும், பிறகு கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறியதும் நமக்குத் தெரியும். அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நடைமேடையும் கைப்பிடியும் செய்து கொடுத்தவர்கள் நம்மில் பலர். இப்போது அவற்றைக் கழற்றிவிட்டு எஃப்.ஆர்.பி. கிரேட்டிங் (ஃபைபரில் செய்த கட்டம் கட்டமான தளத்தட்டு) போடுகிறார்கள். உறுப்பினர் ஒருவர் அப்படிக் கழற்றிய எம்.எஸ். (சாதாரண இரும்பு) தட்டு ஒன்றைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. இரண்டு கோட் எபாக்ஸி பெயிண்ட் அடித்த தட்டு அது. பக்கத்தில் வைத்த மஞ்சள் ஃபைபர் துண்டில் உப்புக் கறை மட்டும்தான் இருந்தது. எடையோ இரும்பில் கால்வாசி. அந்த வேலை நம்மைவிட்டுப் போனது நியாயம்தான் என்று எனக்கு அன்றே தோன்றியது.

ஆனால் எல்லா வேலையும் போகாது. ஒரே அளவுச் சட்டத்தில் ஒரே பாரத்தை ஏற்றினால், கண்ணாடி இழைச் சட்டம் இரும்பைவிடச் சுமார் பத்து மடங்கு வளையும். நீளமான தூலம், கிரேன் பாதை, அதிரும் இயந்திரத்தின் அடிச்சட்டம் இவையெல்லாம் இரும்புக்கே உரியவை. கொதிகலன் பக்கம் நூறு டிகிரியைத் தாண்டினால் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் தளர்ந்துவிடும். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகக் கோடு விடும். அப்புறம் அதை வெல்டு வைத்துச் சரிசெய்யவும் முடியாது. விலையில் அடித்துக்கொள்வதை விட்டு, இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ரெசின் வேலையை நாமும் கற்கலாம் என்று ஒரு நாள் பயிற்சி வைத்தோம். மோல்டில் வேக்ஸ் தேய்த்து, ஜெல் கோட் என்ற மேல்பூச்சு அடித்து, கண்ணாடி இழை மேட் விரித்து, ரோலரால் காற்றுக் குமிழியை வெளியேற்றுவதற்குள் கை கடுத்துவிட்டது. பொறுமை வேண்டிய வேலை. ஒன்றை மட்டும் ஒவ்வொரு பட்டறையிலும் எழுதி ஒட்டுங்கள்: ரெசினை இறுக வைக்கும் கேடலிஸ்ட்டையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேடலிஸ்ட். வெட்டும்போது பறக்கும் தூசி அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதல். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் பையன்களை நிறுத்தாதீர்கள்.

பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் இப்போது இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர் தொட்டி வைத்து, இரண்டையும் சேர்த்தே ஆர்டர் எடுக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

அடுத்த பயிற்சிக்கு வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிகளையும் அழைத்து வரலாம், அவர்களுக்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்