செயலாளரின் ஆண்டறிக்கை: வீட்டினுள் வளரும் தொட்டிச் செடிகளுக்கான கொடிப் படலும் வடிகாலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டினுள் வளர்க்கும் கொடிகளுக்குப் படல் அமைப்பதையும் தொட்டிகளின் வடிகாலைச் சீர்செய்வதையும் இவ்வாண்டின் பொதுப் பணிகளாகச் சென்ற பொதுக்குழு ஏற்றுக்கொண்டது. தீர்மானத்தில் அவை தனித்தனிப் பணிகளாகவே இடம்பெற்றிருந்தன. ஆயினும், படலை நிலையாக நிறுத்த வேண்டிய எடையைத் தொட்டிகள் தருவதாலும், தொட்டிகளை நீரிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டிய மேடையைப் படலின் கால்களே தரக்கூடும் என்பதாலும், இரண்டையும் ஒரே அமைப்பாகச் செய்வதே முறை என்று செயற்குழு முடிவு செய்தது.

உறுப்பினர்கள் ஆலோசனைக்குக் கொண்டுவந்த வாடிய செடிகளில் பலவற்றுக்கு நீர்க்குறைவு காரணமன்று. மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் தொங்கினால் வேருக்குக் காற்று கிடைக்கவில்லையோ என்றுதான் முதலில் ஐயுற வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே மண்ணின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி நலிகிறது, பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. இந்நிலையில் செடி வாடியிருக்கிறதே என்று மேலும் நீர் ஊற்றுவது கேட்டை விரைவுபடுத்தும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதால், அது குறித்துக் கூட்டங்களில் நீண்ட விவாதம் நடந்தது. மண் கலவையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், மேலுள்ள அக்கலவையின் அடிப்பகுதி முற்றிலும் நிறையும்வரை நீர் அதனினும் பருமனான கல் அடுக்குக்குள் இறங்குவதில்லை. ஆகவே கல்லின் உயரத்துக்கு ஏற்ப ஈர மண்டலம் வேருக்கு அருகில் ஏறிவிடுகிறதே தவிர, அதன் அளவு குறைவதில்லை. இதை விளக்க, நனைந்த பஞ்சுப் பட்டை ஒன்றைக் கிடையாகப் பிடித்துச் சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்து, பின்னர் நெட்டாகத் திருப்பிக் காட்டினோம். அது மீண்டும் சொட்டியது. ஒரே கலவையை நிரப்பினாலும் ஆழம் குறைந்த அகலத் தொட்டி நெடுநேரம் ஈரமாக இருப்பதன் காரணமும் இதுவே. ஆகவே கல்லை நீக்கிவிட்டு, தென்னை நார்த்தூளைச் சலித்து நுண்தூசியை அகற்றி, அதனுடன் பெர்லைட் என்னும் எடை குறைந்த வெண்ணிறப் பொரிகல்லும் சிறு மரப்பட்டைத் துண்டுகளும் தாராளமாகக் கலக்குமாறு பரிந்துரைத்தோம். மண் சிந்தாதிருக்கத் தொட்டியின் அடித்துளைகளின் மேல் வலைத்துண்டு ஒன்றை வைத்தால் போதும்.

துளையில்லாத பீங்கான் தொட்டிகளுக்கு, வைரத்தூள் பதித்த துளையிடும் முனையைக் கொண்டு, துளையிடும் கருவியின் சுத்தியல் விசையை அணைத்து, நீர் ஊற்றிக்கொண்டே மெல்லத் துளையிடும் முறை செய்துகாட்டப்பட்டது.

படலைப் பொறுத்தவரை, நெடிய கம்புகளைத் தொட்டி மண்ணிலேயே ஊன்றும் வழக்கத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. ஊன்றும்போது வேர் அறுபடுகிறது. ஈரத்தில் நிற்கும் அடிக்கட்டை மட்குகிறது. கொடி உயர உயரத் தொட்டியே சாய்கிறது. நாம் அமைத்த படல் 150 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் கொண்ட மரச்சட்டத்தில், கை நுழையும் அளவுக்கு 12 முதல் 15 செ.மீ. கண் விட்டு மூங்கில் பிளாச்சுகளைக் கட்டியது. அதன் இரு கால்களும் முன்னோக்கி 40 செ.மீ. நீண்டு, குறுக்குச் சட்டங்களால் இணைந்து மேடையாகின்றன. வாய் அகலமும் உயரமும் 30 செ.மீ. உள்ள தொட்டி ஏறத்தாழ 15 முதல் 20 லிட்டர் கலவை கொள்ளும். நனைந்த நிலையில் அத்தகைய தொட்டிகளின் எடையே படலை அழுத்தி நிறுத்துகிறது. எனினும், குழந்தைகள் நடமாடும் வீடுகளில் மேல்முனையைச் சுவரோடு ஒரு கொக்கியால் பிணைப்பது கட்டாயம்.

மேடைச் சட்டங்களின் இடைவெளி துளைகளுக்கு நேராக அமைய வேண்டும். அதன் கீழே இழுத்து எடுக்கக்கூடிய தட்டு, மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டத்தில் ஒரு மூலைக்குச் சரிந்து, மூக்கு வழியாகக் கலத்தில் வடிகிறது. அடிப்பாகம் நீரில் நிற்காததால், துளை வழியே வழியும் அளவுக்குத் தயங்காமல் நீர் ஊற்றி, மண்ணில் சேர்ந்த உப்பையும் அவ்வப்போது கழுவி வெளியேற்றலாம். வடிந்த நீரை மற்றொரு தொட்டிக்கு ஊற்றுதல் கூடாது. நோயுற்ற வேரின் கிருமி அவ்வழியே பரவும்.

படலைச் சன்னலுக்கு இணையாக நிறுத்தினால் இலைகள் ஒளியை நோக்கித் திரும்பி, அறையிலிருப்போருக்குப் புறங்காட்டி நிற்கும். சன்னலுக்குக் குறுக்காக நிறுத்துவதே மேல் என்பது என் கருத்து. கொடிகளில் ஹோயா தானே படலைச் சுற்றிக்கொள்ளும். மணி பிளாண்ட், மான்ஸ்டெரா ஆகியவற்றின் காற்று வேர்கள் வறண்ட மூங்கிலைப் பற்றாது. அவ்விடத்தில் பிளாச்சுக்கு நார்க்கயிறு சுற்றி ஈரமாக வைக்க வேண்டும். தண்டு பருப்பதற்கு இடமிருக்குமாறு மென்மையான நூலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பி தண்டை அறுத்துவிடும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் துளையிடும் கருவியை உறுப்பினர்கள் முறைவைத்து இரவல் பெறவும், தனியாக வாழும் மூத்த உறுப்பினர்களின் வீடுகளில் சங்கமே படல் அமைத்துத் தரவும் செயற்குழு முன்மொழிகிறது. இவ்வறிக்கையை ஏற்று, இவ்விரு முன்மொழிவுகளுக்கும் ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்