பாவை விளக்குக்குத் தந்த தொன்மைச் சான்றிதழைத் திரும்பப் பெறக் கோரிப் புகார்

அனுப்புநர்
விளக்கின் உரிமையாளர்கள்
(பெயர், முகவரி ஆய்வு விண்ணப்பத்தில் உள்ளபடி)

பெறுநர்
நிர்வாக இயக்குநர் அவர்கள்
உலோகத் தொல்பொருள் சான்றளிப்புப் பிரிவு

பொருள்: பித்தளைப் பாவை விளக்கு – தவறான காலக்கணிப்பும் உலோகக் கணிப்பும் – சான்றிதழை ரத்து செய்து கட்டணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடும்பத்துப் பாவை விளக்கை (உயரம் 41 செ.மீ., எடை 6 கிலோ 850 கிராம்) உங்களிடம் ஆய்வுக்குக் கொடுத்தோம். கட்டணமாக ரூ. 18,500 செலுத்தினோம். கேட்டது ஒன்றுதான்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நாங்கள் வைத்திருக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள பொருளும் இதுவும் ஒன்றுதானா, உலோகமும் காலமும் அதில் கண்டபடி பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றோம். பாகப்பிரிவினைக்கு அது தேவைப்பட்டது. பதிவுச் சான்றிதழில் 'பித்தளை, சுமார் 18ஆம் நூற்றாண்டு' என்று இருக்கிறது. அதன் நகலையும் கொடுத்திருந்தோம். நீங்கள் தந்த சான்றிதழில் '11ஆம் நூற்றாண்டு, சோழர் காலப் பஞ்சலோகம், அசல்' என்று இருக்கிறது.

இந்த முடிவு விளக்கின் விலையைப் பல மடங்கு உயர்த்தும். ஆனால் அது தவறு. தவறான ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் பங்கு பிரிக்க முடியாது. எங்கே எப்படித் தவறு நேர்ந்தது என்பதைக் கீழே எழுதுகிறோம்.

முதலில் உங்கள் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி உலோகத்தில் உள்ள தனிமங்களை அளக்கும் முறை) அட்டவணை. செம்பு 84.6, துத்தநாகம் 8.9, ஈயம் 4.1, வெள்ளீயம் 1.7, தங்கம் 0.4, ஆர்சனிக் 0.3. கூட்டினால் சரியாக 100. கைக்கருவி தான் பார்த்த தனிமங்களை மட்டும் நூறாக்கிக் காட்டும். மேற்பரப்பில் உள்ள ஆக்சிஜனும் கார்பனும் அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் 'மொத்தம் 100' என்பது அளவு சரி என்பதற்குச் சான்றாகாது.

அதைவிடப் பெரிய பிழை, அளந்த இடம். இந்தக் கருவி செம்புக் கலவையில் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன் ஆழத்துக்குத்தான் பார்க்கும். இது பூஜையறையில் எரிந்த விளக்கு. வாராவாரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கப்பட்டது. புளியின் அமிலம் பித்தளையின் மேல்தோலிலிருந்து துத்தநாகத்தை முதலில் கரைத்தெடுக்கும், செம்பு தங்கிவிடும். புளி போட்ட பித்தளை சில இடங்களில் இளஞ்சிவப்பாகத் தெரிவது இதனால்தான். நீங்கள் அளந்தது அந்தத் தோலை. பீடத்தின் அடியில், வெளியே தெரியாத இடத்தில் 5 மி.மீ. வட்டத்துக்குச் சுரண்டி, உலோகத்தின் சொந்த நிறம் வந்தபின் வேறோர் ஆய்வுக்கூடத்தில் அளந்தோம். செம்பு 74.5, துத்தநாகம் 20.8, ஈயம் 3.2, வெள்ளீயம் 1.1, இரும்பு 0.3. இது ஈயம் கலந்த பித்தளை. பதிவுச் சான்றிதழ் சொன்னதும் அதைத்தான்.

ஐந்து இடங்களிலாவது அளக்காமல் ஈயத்துக்கு எண் கொடுப்பதும் சரியல்ல. ஈயம் செம்பில் கரையாது. குளிரும்போது தனித்தனிக் குமிழ்களாக ஒதுங்கும், அச்சில் கீழ்ப்புறமாக இருந்த பகுதியில் கூடுதலாகத் தேங்கும். தோளில் ஓர் எண் வரும், பீடத்தில் வேறு எண் வரும். உங்கள் அறிக்கையில் எத்தனை இடம், எந்த இடம், எத்தனை நொடி என்ற விவரமே இல்லை.

'தங்கம் 0.4' என்ற வரியை வைத்துத்தான் 'பஞ்சலோகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் எக்ஸ்-கதிர்க் கோடுகளைக் காட்டும், அவற்றை வைத்துத்தான் கருவி அதை அடையாளம் காண்கிறது. துத்தநாகத்தின் கே-பீட்டா கோடு 9.57 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது, தங்கத்தின் எல்-ஆல்ஃபா 9.71இல். பித்தளையை நகைக்கான அளவுமுறையில் வைத்து அளந்தால் துத்தநாகக் கோட்டின் ஓரத்தைக் கருவி தங்கம் என்று படித்துவிடும். உண்மையில் தங்கம் இருந்தால் 11.44இல் எல்-பீட்டா கோடும் எழும்ப வேண்டும். இரண்டாவது அளவீட்டில் அங்கே ஒன்றுமில்லை. ஆர்சனிக்கும் இதே கதை: அதன் கே-ஆல்ஃபாவும் ஈயத்தின் எல்-ஆல்ஃபாவும் 10.5 அருகே ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஈயம் உள்ள கலவையில் அந்த எண்ணை அலைமாலையை (கோடுகள் எல்லாம் தெரியும் வரைபடத்தை) பார்க்காமல் எழுதக் கூடாது. உங்கள் முகப்புத் தாளில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்ஓ 17025 (ஆய்வுக்கூடங்களின் திறனுக்கான தரநிலை) அங்கீகாரம் எந்தச் சோதனைகளுக்கு உரியது என்பதையும் தெரிவியுங்கள். தங்க நகையின் மாற்றுக்கு வாங்கிய அங்கீகாரம் பழம் பித்தளைக்குப் பொருந்தாது.

அடுத்தது 'தெர்மோலூமினசென்ஸ் முறைப்படி 11ஆம் நூற்றாண்டு, கூடுதல் குறைவு 50 ஆண்டு' என்ற வரி. எங்களை மிகவும் வருத்தியது இதுதான். அந்த முறை உலோகத்தின் வயதைச் சொல்லாது, சூடேறிய மண்ணின் வயதைச் சொல்லும். பொள்ளல் வார்ப்பில் (உள்ளே பொள்ளலாக வார்க்கும் முறையில்) உள்ளே நிற்கும் மண்கரு, உருகிய உலோகம் ஊற்றும் சூட்டில் பழைய கதிர்வீச்சுச் சேமிப்பை இழக்கும். அன்றிலிருந்து மறுபடி சேர்ந்ததை அளந்து காலம் கணிப்பார்கள். இந்த விளக்கின் பாவையோ கன வார்ப்பு, உள்ளும் உலோகமே. மண்கரு கிடையாது.

இதை நீங்களே எளிதில் சோதித்திருக்கலாம். காற்றில் எடை 6,850 கிராம். காய்ச்சி வடித்த நீரில் தொங்கவிட்டால் 6,035 கிராம். குறைவு 815, அடர்த்தி 8.4. பித்தளைக்கு உரிய எண் இது. உள்ளே மண் அடைபட்டிருந்தால் வெகுவாக இறங்கியிருக்கும். (பீடத்தின் அடிக்குடைவில் காற்று தங்காதபடி சாய்த்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கெடும். எடுத்தவுடன் ஈரம் போகத் துடைத்து உலர்த்திவிட வேண்டும்.) இல்லாத மண்ணிலிருந்து எந்த மாதிரியை எடுத்தீர்கள்? எடுத்த துளை எங்கே? மண் இருந்திருந்தாலும், எங்கே இருந்தது என்ற வரலாறு தெரியாத பொருளுக்கு இருபது சதவீதப் பிழை சாதாரணம். ஆயிரம் ஆண்டுக்கு அது இருநூறு ஆண்டு. ஐம்பது என்று எழுதுவதற்கு வழியே இல்லை.

'பல நூற்றாண்டு மண்ணில் புதைந்திருந்ததால் ஏற்பட்ட பச்சைப் படிவு' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது புதையலில் கிடைத்த பொருள் அல்ல. அப்படிக் கிடைத்திருந்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் மீது பழி வரக்கூடிய வாக்கியம் அது. அகலைச் சுற்றியுள்ள பச்சை, எண்ணெயின் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டாகும் களிம்பு. மெழுகுபோல் மிருதுவாக இருக்கும், நகத்தால் வழித்தால் வரும். மண்ணில் கிடந்த செம்புக் கலவையில் பச்சைக்கு அடியில் சிவந்த குப்ரைட் (செம்பு ஆக்சைடு) அடுக்கு இருக்கும், அரிமானம் உலோகத்தின் மணிகளுக்கு இடையே ஊர்ந்து உள்ளே போயிருக்கும். அந்தச் சிவந்த அடுக்கு இருக்கிறதா என்று பத்து மடங்கு கண்ணாடியும் ஓர் ஊசியும் இருந்தால் பார்த்துவிடலாம்.

பீடத்தின் அடியில் உளியால் வெட்டிய பெயரை நீங்கள் படமெடுத்தும் படிக்கவில்லை. அதில் 'வே' என்ற எழுத்து இரட்டைச் சுழிக் கொம்போடு இருக்கிறது. எகர ஏகாரக் குறிகளை அப்படிப் பிரித்தவர் வீரமாமுனிவர் (1680–1747). பெயரைப் பின்னால் வெட்டியிருக்கவும் கூடும், எழுத்து மட்டும் பொருளின் வயதைத் தீர்மானிக்காது. ஆனால் 11ஆம் நூற்றாண்டு என்று சொல்கிற அறிக்கை இந்த எழுத்துக்கு ஒரு விளக்கமாவது சொல்லியிருக்க வேண்டும்.

புகைப்படத்துக்காகப் பாவையின் முகத்தில் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். கண்ணோரத்து உளிக்கோடுகள் மழுங்கிவிட்டன. கையுளியா, மின்சாரச் சாணையா என்று பார்க்க உதவும் தடயம் அது. இனி வராது.

20.8 சதவீதத் துத்தநாகம் இந்த விளக்கு பழையது என்றோ புதியது என்றோ சொல்லாது என்பதும் எங்களுக்குத் தெரியும். முறையாகப் பார்க்க வேண்டுமானால், அடியில் 1 மி.மீ. துளையிட்டு, மேல்தோல் சீவலை ஒதுக்கிவிட்டு, உள்ளிருந்து 30 மில்லிகிராம் எடுத்து நுண்தனிமங்களை (மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் தனிமங்களை) அளக்க வேண்டும். மின்பகுப்பில் தூய்மையாக்கிய செம்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. அதில் வெள்ளி, ஆன்டிமனி, நிக்கல் போன்றவை மிகக் குறைவு. ஈயத்தின் கதிரியக்க வகையான ஈயம்-210 இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு, நூறாண்டில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கணிசமாக இருந்தால் ஈயம் அண்மைக் காலத்தில் உருக்கியது. இல்லாவிட்டால் ஈயம் பழையது என்று மட்டுமே பொருள், பழைய ஈயத்தைப் போட்டு இன்றும் வார்க்கலாம். இத்தனைக்கும் பிறகு 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்றுதான் எழுத முடியும். ஒரு பொருள் தொல்பொருளா என்ற கேள்வி எழுந்தால் முடிவு செய்யும் அதிகாரம் 1972 சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி இந்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. உங்கள் சான்றிதழில் 'அசல்' என்ற முத்திரை இருக்கலாகாது.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் சான்றிதழை எழுத்து மூலம் ரத்து செய்து, உங்கள் இணையதளச் சரிபார்ப்புப் பக்கத்திலிருந்தும் நீக்குங்கள். கருவி சேமித்த மூல அலைமாலைக் கோப்புகளை, குழாய் மின்னழுத்தம், அளந்த நேரம், அளந்த இடத்தின் படம் ஆகியவற்றோடு அனுப்புங்கள். தெர்மோலூமினசென்ஸ் வரியை எந்த அளவீட்டைக் கொண்டு எழுதினீர்கள் என்பதற்குப் பதில் தாருங்கள். கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். மறுஆய்வை உங்களிடம் செய்துகொள்ள விரும்பவில்லை. தவறினால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
விளக்கின் உரிமையாளர்கள்

இணைப்பு: பதிவுச் சான்றிதழ் நகல், உங்கள் சான்றிதழ் நகல், கட்டண ரசீது, இரண்டாவது அளவீட்டு அலைமாலை, ஆய்வுக்கு முன்னும் பின்னும் எடுத்த முகப் படங்கள்.