சாஃப்ரன் வால்டன் சந்தைக்குப் போகிறோம்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அக்டோபர் மாத இரண்டாவது சனிக்கிழமை நம் தமிழ் வகுப்பு பள்ளிக் கட்டடத்தில் நடக்காது. 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை எசெக்ஸில் இருக்கும் சாஃப்ரன் வால்டன் என்ற சிறு சந்தை ஊருக்கு அழைத்துப் போகிறோம். சனிக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே சந்தை கூடுவது செவ்வாயும் சனியும்தான். வேறு நாளில் போனால் சந்தை இல்லாத சந்தைத் திடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஊருக்கு முதலில் இருந்த பெயர் சிப்பிங் வால்டன். பழைய ஆங்கிலத்தில் சிப்பிங் என்றால் சந்தை. 1141இல் ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு, பக்கத்து நியூபோர்ட்டில் கூடிவந்த சந்தையைத் தன் கோட்டை இருந்த வால்டனுக்கு மாற்றிக்கொள்ளப் பேரரசி மட்டில்டாவிடம் அனுமதி பெற்றார். சந்தை வந்தால் கடைக்காரர்களிடம் வரி வசூலிக்கலாம் என்ற கணக்குதான். வால்டன் ஊராக வளர்ந்தது, நியூபோர்ட் இன்றும் கிராமம். செவ்வாய்ச் சந்தை 1295இல் தொடங்கியது.

பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது 'சாஃப்ரன்' எங்கிருந்து வந்தது என்றுதான். நம் வீட்டுப் பாயசத்தில் போடும் அதே குங்குமப்பூதான். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் அது பயிரானது. துணிச் சாயத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் விற்றது. (நெற்றியில் வைக்கும் குங்குமமும் இதுவும் ஒன்று என்று நினைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.)

இந்தச் செடிக்கு விதை கிடையாது, கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். கோடையில் நட்டால் இலையுதிர் காலத்தில் ஊதாப் பூ வரும். பூ விரிவதற்குள், விடியும்போதே பறித்து, அன்றைக்கே ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு காகிதத்துக்கு நடுவே பரப்பி, சிறு சூளையின் மேல் வைத்து, பலகையும் பாரமும் ஏற்றி உலர்த்துவார்கள். முதலில் கொஞ்சம் சூடு, பிறகு மெல்லிய தணல். சூடு கூடினால் கருகிவிடும். ஐந்து பங்கு ஈர இழை காய்ந்தால் ஒரு பங்குதான் தேறும். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ தேவை. மழை தேங்கினால் கிழங்கு அழுகும். முயல் வந்தால் இலையே மிஞ்சாது, அதனால் வயலைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். மூன்று விளைச்சல் எடுத்ததும் கிழங்கைத் தோண்டி வேறு நிலத்துக்கு மாற்றினார்கள். இத்தனை கைவேலைக்குக் கூலி கட்டுபடியாகாமல், வெளிநாட்டுச் சரக்கும் மலிவாக வந்தபின், 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சாகுபடி நின்றது. அதன்பின் ஊரைத் தாங்கியது பார்லியும், அதை முளைகட்டி உலர்த்திச் செய்யும் மால்ட்டும்.

வீட்டுப்பாடம் இதிலிருந்துதான். ஒரு சிட்டிகை குங்குமப்பூவை வெள்ளைத் தட்டில் கொட்டி இழைகளை எண்ணச் சொல்லுங்கள், மூன்றால் வகுத்தால் எத்தனை பூ என்று தெரியும். பிறகு இரண்டு இழையை வெதுவெதுப்பான நீரில் போடட்டும். நல்ல சரக்கு மெதுவாக மஞ்சளை விடும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் சிவப்பு நிறம் கசிந்து இழை வெளுத்தால் அது சாயம் ஏற்றியது. முடிவைத் தமிழில் ஐந்து வரி எழுதிக் கொண்டுவர வேண்டும்.

ஊருக்குள் கடைக்காரர்கள் வரிசையாக அமர்ந்து விற்ற இடங்களின் பெயர் இன்னும் தெருப்பெயராக இருக்கிறது: புட்சர் ரோ, மார்க்கெட் ரோ. தற்காலிகக் கூடாரங்கள் நிரந்தரக் கட்டடமாக மாறியதால்தான் அந்தச் சந்துகள் அவ்வளவு குறுகல். ஒற்றை வரிசையில் போகப் பழக்குங்கள். திடலில் கம்பளி வணிகர்களின் பழைய மண்டபம் ஒன்று இருந்தது, 1847இல் அதை இடித்துத் தானியச் சந்தைக் கட்டடம் எழுப்பினார்கள். இன்று அதில் நூலகம் நடக்கிறது. ஊர்ச் சின்னத்தில் மதிலுக்குள் குங்குமப்பூ நிற்கும். ஆங்கிலத்தில் 'மதிலுக்குள் அடைபட்டது' என்று சொல்லிப் பார்த்தால் 'வால்டு இன்', அதாவது வால்டன். சிலேடை வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதியோருக்கான தர்ம இல்லம் 1400இல் தொடங்கியது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1660இல் இந்த இல்லத்துக்கு வந்தபோது, வெள்ளிப்பூண் போட்ட மரக் கிண்ணத்தில் அவருக்குப் பானம் கொடுத்தார்கள். குடித்து முடித்தால் கிண்ணத்தின் அடியில் குழந்தையோடு மரியாள் உருவம் தெரியும். விடுதியாக இருந்த பழைய ஓல்டு சன் இன் கட்டடத்தின் வெளிச்சுவரில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த புடைப்பு உருவங்களும் உண்டு. கண்ணால் பார்க்க மட்டும்தான், கை வைத்தால் உதிரும்.

மதியத்துக்குப் பிறகு பொதுத்திடலில் இருக்கும் புல்தரை வட்டப்பாதைக்குப் போவோம். புல்லை வெட்டி வட்டம் வட்டமாக அமைத்த சுருள்பாதை அது. இங்கிலாந்தில் எஞ்சியவற்றில் இதுவே பெரியது. 1699இல் திரும்ப வெட்டிச் சீரமைத்ததற்குக் கணக்கு இருக்கிறது, 1911இல் செங்கல் பதித்தார்கள். இதில் தவறான வழி என்று ஒன்றே இல்லை, வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் ஒரே பாதை, நீளம் ஏறக்குறைய ஒரு மைல். சிக்கல் என்னவென்றால் பாதை ஒரு பாதத்துக்குத்தான் இடம் தரும், மழையில் செங்கல் வழுக்கும். ஓடும் பிள்ளை முன்னால் போகிறவர் மேல் மோதும். அதனால் அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவோம். நடுவைத் தொட்டவர்கள் வந்த வழியே திரும்பாமல் குறுக்கே நேராக வெளியேற வேண்டும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டாம்.

பயணம்: காலை 9 மணிக்கு டாட்டன்ஹாம் ஹேல் நிலைய வாசலில் கூடுகிறோம். கேம்பிரிட்ஜ் போகும் ரயிலில் ஏறி ஆட்லி எண்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். ஸ்டான்ஸ்டெட் விமான நிலைய ரயிலும் டாட்டன்ஹாம் ஹேலில் நிற்கும். அதில் ஏறினால் ஆட்லி எண்ட் வராது, தாமதமாக வரும் பெற்றோர் இங்கேதான் தவறுவார்கள். ஊருக்குள் போன கிளைப் பாதை 1964இல் மூடப்பட்டதால், நிலையத்திலிருந்து ஊர் இரண்டு மைல். பஸ்ஸில் போவோம், சாலையோரம் நடக்க மாட்டோம். 5 முதல் 15 வயதுவரை அரைக் கட்டணம். உடன் வரும் பெரியவர்கள் மூன்று பேராவது சேர்ந்து குரூப்சேவ் என்ற குழுச் சலுகைச் சீட்டு வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

ஒவ்வொரு பிள்ளையிடமும் 3 பவுண்டு சில்லறையாக இருக்கட்டும். சந்தையில் ஏதாவது ஒன்று வாங்கி, அது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுத வேண்டும், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. மதிய உணவு, தண்ணீர், மழைக் கோட்டு அவசியம். நிலக்கடலை கலந்த உணவு வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வருகிறார்கள். இன்ஹேலர் பயன்படுத்துவோர் அதைப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள், உங்கள் கைப்பையில் அல்ல.

ஒப்புதல் படிவம் முந்தைய சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும். மழை பெய்தாலும் போவோம். தண்டவாளப் பணிக்காக ரயிலை நிறுத்தினால் மட்டும் ஒரு வாரம் தள்ளி வைப்போம், வியாழன் மாலை உங்கள் எல்லோருக்கும் செய்தி வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்