மால் வரைக்கும் ஒரு கேபிள்

கோண்டாவில்
ஆடி 3

அன்புள்ள மச்சான்,

தைப்பொங்கலுக்கு நீ எழுதியதற்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. கோபித்து முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். கணக்கு வாத்தியார் இப்போதும் சைக்கிளில்தான் போகிறார். உன் கையெழுத்து திருந்திவிட்டதா என்று கேட்டார். உங்கள் ஒழுங்கைக்கு இன்னும் தார் போடவில்லை. கறுத்தக் கொழும்பான் மா இம்முறை நன்றாகக் காய்த்தது. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

எழுத வந்தது வேறு விஷயம். அம்மாவும் அக்காவும் மூன்று மாதமாகப் பேசாமல் இருந்தார்கள். வெட்கத்தில் உனக்குச் சொல்லவில்லை. பங்குனியில் ஒரு மாலை அக்கா பாரிஸிலிருந்து காணொளி அழைப்பில் வந்தாள். பின்வளவுக் காணியைப் பற்றி அம்மா ஏதோ கேட்டார். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முகம் அப்படியே உறைந்து நின்றது, அழைப்பு அறுந்தது. மகள் கோபத்தில் துண்டித்துவிட்டாள் என்று அம்மா நினைத்தார். அங்கே அவள், அம்மா துண்டித்துவிட்டார் என்று நினைத்தாள். இருவருக்கும் எவ்வளவு ரோஷம் என்று உனக்குத் தெரியும். எனக்கு உண்மை விளங்கியது ஆனியில். அம்மாவின் சாய்மனைக் கதிரையில் இருந்து நான் யாருடனோ பேசியபோது, அதே இடத்தில் அதே மாதிரி முகம் உறைந்து அறுந்தது.

அப்பா போன பிறகு அம்மா பகலில் வீட்டுக்குள் இருப்பதில்லை. விடிந்தால் மாலுக்கு, அதுதான் வளவில் இருக்கும் திறந்த கொட்டகைக்கு, போய்விடுவார். சோளகக் காற்று அங்கேதான் நன்றாக வீசும். உள்ளே வந்து பேசுங்கள் என்று அவரை இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் இருக்கும் இடத்துக்கு இணைப்பு போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். ரவுட்டர் முன்விறாந்தை அறையில். அங்கிருந்து மாலுக்கு 28 மீட்டர். நடுவில் ஒன்றரை அடிச் சுண்ணாம்புக்கல் சுவர் இரண்டு, பிறகு அடுப்படித் தகரம், அதற்குப் பின்னால் வாழைப் பத்தை. இலையில் இருக்கும் தண்ணீர் அலையைக் குடித்துவிடும், தகரம் திருப்பி அனுப்பிவிடும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டாவது சுவரோடு நின்றுவிடுகிறது. 2.4 கொஞ்சம் கசிந்து வருகிறது, அவ்வளவுதான்.

முதலில் நகரத்தில் ஒரு கடையில் சுவரில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றைத் தந்தார்கள். கைத்தொலைபேசியில் கோடுகள் நிறையத் தெரிந்தன, பேச்சு மட்டும் முன்னைப் போலவே அறுந்தது. அந்தப் பெட்டி கேட்பதும் திரும்பச் சொல்வதும் ஒரே வானொலியால்; கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வேகம் பாதியாகிறது. அதுவும் அடுப்படியில் கிடைக்கும் அரைகுறையைத்தானே அது மாலுக்குச் சொல்லும்? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும், வெளியில் வைக்கக்கூடிய அக்சஸ் பாயிண்ட் ஒன்றையும் கேபிளையும் வாங்கினேன்.

மச்சான், கேபிள் விஷயத்தில் கவனமாக இரு. முதல் கடையில் காட்டியது மலிவு. கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியிருக்கிறார்கள். இந்தக் கேபிளில் இணையத்தோடு மின்சாரமும் போக வேண்டும். அலுமினியத்தில் மின்னழுத்தம் கூடுதலாக இறங்கும், கம்பியும் சூடாகும், வளைத்தால் முறியும். நான்கு கடை ஏறி இறங்கி முழுச் செம்பில் கேட் 6 ரக ஈதர்நெட் கேபிள் வாங்கினேன், வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை போட்டது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், எங்கள் வளவுக்கு அதில் பாதி கூடத் தேவைப்படவில்லை. வேலியோரமாக ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, பிவிசி குழாய்க்குள் விட்டு மூடினேன். மண்வெட்டியில் கல் பட்ட ஒவ்வொரு தடவையும் உன்னை நினைத்துக்கொண்டேன். எங்கள் மண்ணில் இரண்டு சாண் தோண்டினால் பாறை என்பதை நீ மறந்திருக்கமாட்டாய்.

மின்சாரம் அதே கேபிளில் போவதால் மாலில் தனியாகப் பிளக் தேவையில்லை. வீட்டுக்குள் ரவுட்டருக்கு வைத்திருக்கும் பாட்டரி அதற்கும் சேர்த்து உயிர் கொடுக்கும். மின்வெட்டிலும் அம்மா பேசலாம்.

பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உயரத்தில் வை என்று மருமகன் சொன்னான். நான் கேட்கவில்லை. இந்த மாதிரி ஏரியலின் வீச்சு பக்கவாட்டில் பரவும். நேர் கீழே மெலிந்துபோகும். மால் கூரை இறப்பின் கீழ் ஒன்பது அடி உயரத்தில், மழைச்சாரல் படாமல் பூட்டினேன். பெட்டியில் ஐபி 65 என்று இருக்கிறது: தூசு புகாது, தண்ணீர் பீச்சினாலும் தாங்கும். ஆனாலும் கேபிள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தொங்கல் விட்டேன். ஓடிவரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

பூட்டிய அன்று இரவு அழுகை வந்தது எனக்கு. தொலைபேசி இணைந்திருக்கிறது என்கிறது, இணையம் இல்லை என்கிறது. புதுப் பெட்டி ரவுட்டரைப் போலத் தானும் தொலைபேசிகளுக்கு இணைய முகவரி கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஒழுங்கைக்கு இரண்டு தபாற்காரர் என்றால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? அதை அக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டரிடமே விட்டேன். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுக்கும் ஒன்றே. 2.4இல் இரண்டும் முட்டாமல் உள்ளே சனல் 1, வெளியே 6. என்ன பெயர் வைத்தேன் என்று கேட்காதே, ‘டைனமோ’தான்.

இன்னொரு தொல்லை. அம்மா உள்ளிருந்து மாலுக்கு நடந்து வந்தால், தொலைபேசி பழைய ரவுட்டரின் மெலிந்த இணைப்பையே பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது மாறுவது என்பதைத் தொலைபேசிதான் தீர்மானிக்கிறது. எல்லோரும் செய்வது வலுவைக் கூட்டுவது. அது உதவாது. பெட்டி கத்தினால் தொலைபேசிக்குக் கேட்கும். தொலைபேசியின் முணுமுணுப்பு பெட்டிக்குக் கேட்க வேண்டுமே. நான் உள்ளே இருக்கும் ரவுட்டரின் வலுவைக் குறைத்தேன். இப்போது அடுப்படி வாசலைத் தாண்டியதும் கைமாறிவிடுகிறது.

எனக்கு இருக்கும் கவலை மின்னல்தான். ஐப்பசி இடியைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. கேபிளின் இரு முனையிலும், பாய்ந்து வரும் மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பும் சிறு பெட்டி வைத்து ஏர்த் கொடுத்திருக்கிறேன். நேரே விழும் இடிக்கு அது காணாது. வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றிவிடு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து நீ மிதியைச் சுற்ற, டைனமோவில் நான் வானொலியைப் பொருத்தி, மாமரத்தில் செம்புக் கம்பி கட்டித் பிபிசி தமிழோசை கேட்டோமே. குழாய்க்குள் கேபிளை விடும்போது அந்த மரத்தின் கீழ்தான் நின்றேன். கம்பி இறுகிய தழும்பு பட்டையில் இன்னும் இருக்கிறது. அன்று செய்தி கேட்க அம்மாவும் வந்து பலகையில் இருப்பார், அக்கா அவர் மடியில் சாய்ந்திருப்பாள்.

அக்காவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். ஞாயிறு எங்களுக்கு மாலை ஐந்தரை, அவளுக்குப் பிற்பகல் இரண்டு. அம்மா கதிரையில் இருந்தபடி பேசினார். முதல் ஐந்து நிமிடம் இருவரும் சமையலைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு அக்கா கிணற்றைக் காட்டச் சொன்னாள். அம்மா எழுந்து தொலைபேசியோடு கிணற்றடிக்கு நடந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அழைப்பு அறுந்துபோகவில்லை. வாளியை இறக்கச் சொன்னாள், கப்பி கிறீச்சிட்டது, அக்கா ஒன்றும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை, ஆனால் அவள் முகம் அசைந்துகொண்டே இருந்தது. 52 நிமிடம் மச்சான். காணிக் கதை அன்று வரவில்லை. வரும். வரும்போது ஒருவர் சொல்வது மற்றவருக்கு முழுவதும் கேட்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து உங்கள் வீட்டில் தங்கி அங்கிருந்தே வேலை பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். நீ பூட்டியிருக்கும் அந்த முன்னறைக்குள் இருக்கமாட்டாய், வேப்பமரத்தடியில்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். வரும்போது எதுவும் வாங்கி வராதே. கேபிளை இங்கே நான் சுரண்டிப் பார்த்து வாங்குகிறேன். சாவி இன்னும் சித்தியிடம்தானே? சனிக்கிழமை நாடா கொண்டுபோய் அளந்துவிடுகிறேன். வேம்பின் மேற்குக் கொப்பு கூரையில் முட்டுகிறது, அதை வெட்டலாமா என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
டைனமோ