கோட்டையூர்க் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடியில் கல்லூரிகள் தொடங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பிறந்தநாளான ஏப்ரல் 6ஐ ஒட்டி, அவர் பிறந்த கோட்டையூரில் நாங்கள் வைத்த சிறு படக் கண்காட்சி உங்கள் தயவில் நல்லபடியாக முடிந்தது. மேடையிலேயே நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் மைக்கைப் பிடித்து, முன்வரிசைக்காரர்களை விளித்து முடிப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். உண்மையில் ஓடியாடிய ஆட்கள் அப்போது பந்தியில் பரிமாறிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. யார் யாரென்று ஊருக்குத் தெரியும்.

முதலில் அழகப்பா நகர் சேட்டனுக்கு. நம் பக்கத்தில் அழகப்பர் என்றால் காரைக்குடிக் கல்லூரிகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் கல்லூரிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'மில் வைத்திருந்தார்' என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த மில் இருந்தது திருச்சூருக்குத் தெற்கே, புதுக்காட்டுப் பக்கம். 1930களின் பிற்பகுதியில், அன்றைய கொச்சி சமஸ்தானத்தில் அவர் தொடங்கிய நூற்பாலை. மில்லைச் சுற்றி எழுந்த ஊருக்கே அவர் பெயர் நின்று, இன்று அழகப்பா நகர் ஒரு பஞ்சாயத்து. மில் பிற்பாடு தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போனது. 2020 ஊரடங்கோடு ஓட்டமும் நின்றது.

அங்கே பல வருடம் ரிங் பிரேம் என்னும் நூல் நூற்கும் எந்திரப் பகுதியில் வேலை பார்த்த சேட்டன், ஒரு துணிப்பையில் நூல் சுற்றும் பழைய மர பாபின்களைச் சுற்றிக்கொண்டு ரயிலேறி வந்தார். பாபினின் அடியில் இருக்கும் உலோக வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கதிரில், அதாவது பாபினைச் சுழற்றும் தண்டில், மாட்டி மாட்டிக் கழற்றியதில் வந்த தேய்மானம் என்றார். மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, கையாலேயே காட்ட ஆரம்பித்துவிட்டார். பிரேமின் நீளத்துக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், எங்கே இழை அறுந்தாலும் கண்ணில் பட வேண்டும், கதிரை ஒரு கையால் நிறுத்தி நுனியை எடுத்து மறுகையால் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பாபின் நிறைந்தால் மொத்தமாகக் கழற்றிக் காலி பாபின்களை மாட்டுவதற்கு டாஃபிங் என்று பெயர். மலையாளமும் தமிழும் கலந்த அந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஏற்பாடு செய்திருந்த தம்பிக்கு வேலை இல்லாமல் போனது. வந்ததற்கு அவருக்கும் நன்றி.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அழகப்பர் கொடுத்ததைப் பற்றிப் பேசுகிற நாம், கொடுப்பதற்கு உண்டான பணம் யாருடைய கால்கள் நடந்து நடந்து உண்டானது என்பதையும் பலகையில் எழுத வேண்டும். அவர் பெருமை அதனால் குறையாது. இந்த மில் பலகை நடுவில் வேண்டுமா ஓரத்தில் போதுமா என்று குழுவில் இரண்டு நாள் சண்டை. நடுவில் வைக்கச் சம்மதித்த பெரியவர்களுக்குத் தனி நன்றி.

அடுத்து, எழுத்தையெல்லாம் திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா. பலகைக்குப் பலகை 'வாரி வழங்கிய வள்ளல்', 'கொடையில் கர்ணன்' என்று வந்ததையெல்லாம் சிவப்புப் பேனாவால் வெட்டித் தள்ளினார். 'கர்ணனைத் தெரியும், இவரைத்தான் தெரியவில்லை, என்ன செய்தார் என்று எழுது' என்றார். அதனால்தான் 1947 பலகையில் நடந்தது மட்டும் நின்றது. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வம் உள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பர் காரைக்குடியில் தொடங்குவதாக அங்கேயே சொல்கிறார். அந்த ஆகஸ்டிலேயே காந்தி மாளிகையில் வகுப்பு நடக்கிறது. கட்டடம் பிறகு வந்தது. இதற்கு மேல் எந்த அடைமொழி தேவை?

கல்லூரி தொடங்குவதாகச் சொன்னபோது அவருக்கு வயது 38. மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம், லண்டனில் சட்டம், குராய்டனில் விமானம் ஓட்டப் பயிற்சி என்று இளமை போயிருந்தது. (விமானப் படத்தைப் பார்த்த பையன்கள் மற்ற பலகைகளுக்கு நகரவே இல்லை.) ஆங்கில அரசு தந்த 'சர்' பட்டத்தை நாடு விடுதலை அடைந்ததும் விட்டுவிட்டார். கல்விக்குக் கொடுப்பது காரைக்குடிக்கும் முன்பே தொடங்கிவிட்டது. கிண்டியில் 1944இல் உருவான, எல்லோரும் ஏ.சி. டெக் என்று சொல்லும் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். அங்கே ஆரம்பம் முதலே ரசாயனப் பொறியியலோடு ஜவுளித் தொழில்நுட்பமும் பாடம். மில்காரர் கொடுத்த காசு மில் படிப்புக்கும் போயிருக்கிறது. அந்தக் கல்லூரியில் படித்த மாப்பிள்ளை ஒருவர் தம் பழைய சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொடுத்து உதவினார். பத்திரமாகத் திருப்பி அனுப்பியாயிற்று.

சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவின் மேசையில்தான் கூட்டம் அதிகம். அந்த ஆய்வகம் காரைக்குடிக்கு வர அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். டெல்லி, புனே, ஜாம்ஷெட்பூர் என்று தேசிய ஆய்வகங்கள் எழுந்துகொண்டிருந்த காலம். அந்த வரிசையில் காரைக்குடி இடம்பிடித்தது சாதாரணக் காரியமா?

ஐயா இந்தத் தேதிகளைச் சொல்லவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல், ஒரு செம்புத் தகடு, ஒரு பேட்டரி, ஒரு பித்தளைச் சாவி, இவ்வளவுதான் வைத்தார். தகடு பிளஸ்ஸில், சாவி மைனஸில். சற்று நேரத்தில் சாவி சிவந்தது. 'இரும்புச் சாவி போடக் கூடாதா?' என்று ஒரு பெண் கேட்டாள். போட்டுக் காட்டினார். பேட்டரி இல்லாமலே செம்பு படிந்தது, விரலால் தேய்த்ததும் உதிர்ந்தது. 'ஒட்டாத பூச்சை ஒட்டவைப்பது எப்படி, அதுதான் எங்கள் வேலை' என்றார். நீலக்கறை பட்ட மேசைவிரிப்பை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்ட பந்தல் கடைத் தம்பிக்கும் சேர்த்து நன்றி.

கண்காட்சி வைக்கத் தம் வீட்டு முகப்பையும் பட்டாலை என்னும் கூடத்தையும் திறந்துவிட்ட ஆச்சிக்கு என்ன சொல்வது? தூண்களில் ஆணி அடிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் போய்க்கொண்டே இருந்தன. கணக்கு கேட்டதற்கு முறைத்தார். பிளெக்ஸ் கடைத் தம்பி, எழுத்துரு உடைந்து வந்ததை நள்ளிரவில் மறுபடி அச்சடித்து, கூடுதல் காசு வாங்க மறுத்தார். பெண்கள் பள்ளி என்.எஸ்.எஸ். பிள்ளைகள், செருப்பைப் பார்த்துக்கொண்டவர்கள், மோர் கலக்கிய அண்ணிமார் எல்லோருக்கும் நன்றி.

கடைசிப் பலகை 1957 ஏப்ரல் 5, அழகப்பர் மறைந்த நாள். மறுநாள் 48 பிறந்திருக்க வேண்டும். 1947 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் பத்து வருடம்கூட முழுதாக இல்லை. கலைக் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி என எல்லாம் இதற்குள் அடக்கம். அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது 1985இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

செலவு போக மிஞ்சிய பணத்தை ஊர் நூலகத்துக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் வாங்கக் கொடுத்திருக்கிறோம். ரசீது முகப்பில் ஒட்டியிருக்கிறது. பாபின்களில் ஒன்றைச் சேட்டன் நூலகத்துக்கே விட்டுப்போனார், மற்றவை அவரோடு திரும்பிவிட்டன. பலகைகள் ஆச்சி வீட்டில் இருக்கின்றன. பள்ளிகளில் வைக்க விரும்புவோர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம், வாடகை இல்லை. மடித்துக் கட்டாமல் சுருட்டி எடுத்துப் போங்கள். மில் பலகையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கேட்டால் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவின் சார்பில்,
எழுத்து வேலை பார்த்தவன்